பதினைந்து இலக்கம்

பதினொரு வருஷம் எங்கள் வீட்டில்
இல்லாமல் இருந்தது அது.

கழிவறை ஓடு மாற்ற
வீவக ஆட்கள் வந்த பத்து நாளும்
துணி அலமாரிக்குள், என் தீபாவளி வேட்டியின்மேல்.
"உள்ளே என்ன சத்தம்?" என்றார் ஒப்பந்தக்காரர்.
"பழைய ஃபேன்" என்றாள் மரகதம்.
அன்றிலிருந்து அவளுக்குக் கோபம் வந்தால்
அதன் பெயர் பழைய ஃபேன்.
மற்ற நாளில் முறுக்கு.
அச்சிலிருந்து பிழியும்போதே
பாதியில் அறுந்ததுபோல் வளைந்த வால்.

எனக்கோ பெயர் எழுதுவதுதான் பிழைப்பு.
புக்கிட் தீமா கொண்டோ ஒன்றின் வாசலில்
யார் வந்தாலும்
அடையாள அட்டையின் கடைசி நான்கு,
வண்டி எண், எந்த வீடு, எத்தனை மணி.
பன்னிரண்டு மணி நேரம் ஒருவரையும் விடாமல் எழுதிவிட்டு
வீட்டுக் கதவைத் திறந்தால்
எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று
காலைச் சுற்றும்.

பிறகு சட்டம் மாறியது.
வீட்டுக்கு இரண்டு பூனை வளர்க்கலாம்.
உரிமம் வேண்டும். தோலுக்கடியில் சில்லு வேண்டும்.
வளர்ப்பவர் இணையத்தில் பாடம் படிக்க வேண்டும்.
ஐம்பத்தெட்டு வயதில் கைபேசியில் பரீட்சை.
'பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை,
என்ன செய்வீர்கள்?'
நான்கு விடை கொடுத்திருந்தார்கள்.
நாமும் சாப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது
அதில் இல்லை.
எப்படியோ தேர்ச்சி.

சனிக்கிழமை பெடோக் கிளினிக்.
சில்லு போடும் ஊசிக்கு முன் வழக்கமாம்,
டாக்டர் ஃபூ கருவியைப் பிடரியில் தடவினார்.
பீப்.
"இதற்கு ஏற்கெனவே இருக்கிறதே."

பதினைந்து இலக்கம்.
அரிசிமணி அளவில் வேறொருவர் பெயர்
இத்தனை காலம் என் மடியில் படுத்திருந்தது.

ரோஸ்மினி பிந்தி சுக்கோர்.
முகவரி, எங்களுக்கு மூன்று புளோக் தள்ளி.
பூனையின் பெயர்: குன்யிட்.
மலாயில் மஞ்சள்.
டாக்டர் அதைச் சும்மா வாய்விட்டு வாசித்தார்.
ஒரு காது திரும்பியது.
அந்தக் காதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

உரிமையை மாற்ற முன்னவர் சம்மதிக்க வேண்டும்.
எண் இன்னும் வேலை செய்தது.
என்னுடையது காப்பிக்கடை மலாய்.
"மேடம், குன்யிட்... பூனை..."
அந்தப் பக்கம் தண்ணீர்க்குழாய் மூடும் சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.
வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன்,
நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"வால் அப்படியேதான் இருக்கிறதா?"
"அப்படியேதான்."
"செருப்பு அடுக்கில்தானே தூங்கும்?"
"இல்லை, என் நெஞ்சின்மேல்."
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பாசிர் ரிஸுக்கு வீடு மாறிய அன்று
லாரிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடியதாம்.
பூனை வைக்கக் கூடாத வீட்டின் பூனைக்கு
காணவில்லை என்று எப்படிச் சுவரில் ஒட்டுவது?
ஆறு மாதம் ராத்திரியில் வந்து தேடியிருக்கிறார்.
"மெதுவாகத்தான் கூப்பிட்டேன்" என்றார்.
"சத்தமாகக் கூப்பிட முடியாதே."

அந்த மாதங்களில்
எங்கள் சன்னலை இறுகச் சாத்தி
திரையும் போட்டிருந்தோம்,
பூனை கத்தினால் வெளியே கேட்கக் கூடாதென்று.

இரவு பத்தரைக்குக் கைபேசி அதிர்ந்தது:
உரிமையாளர் மாற்றம் ஏற்கப்பட்டது.
பெயர் எழுதும் கட்டத்தில்
முறுக்கு என்று அடித்தேன், அழித்தேன்,
முறுக்கு குன்யிட் என்று அடித்தேன்.
கட்டம் ஏற்றுக்கொண்டது.

ஞாயிறு மாலை அவர் வந்தார்,
கையில் ஒரு டப்பா நெத்திலியோடு.
பூனையை அறையில் பூட்டாமல்
முதல்தடவை வாசற்கதவைத் திறந்தேன்.
அது அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.
நேராக வெளியே போய்
அவர் கழற்றி வைத்த செருப்பின்மேல் படுத்துக்கொண்டது.

"பழைய ஃபேன்" என்றாள் மரகதம்.